பலாக்கொட்டையும் வெறுந்தேநீரும்

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கும் அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கும் வந்து சேர்ந்த என் தங்கை, வெள்ளவத்தையில் என் வீட்டுக்குள் நுழைந்த அன்று மாலையே நான் வாங்கி வைத்திருந்த பலாச்சுளைகளைச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் கொட்டைகளைக் கழுவி, பழைய துணியொன்றில் பரப்பி, கடற்காற்று வரும் யன்னலின் விளிம்பில் வைத்தாள்.

"உதேன் காயப்போடுறாய்?"

"பிறகு அவிச்சுச் சாப்பிடலாம்."

"கடையிலை எல்லாம் கிடக்குது. இங்கை என்ன பஞ்சமே?"

"பஞ்சத்துக்கில்லை அக்கா. எறியக் கை வருகுதில்லை."

பலாக்கொட்டையைக் கறிக்குப் போடுவது எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு தட்டுச் சுளையில் மிஞ்சும் சில கொட்டைகளுக்காகக் கொழும்பில் யாரும் அடுப்பை மூட்டுவதில்லை. அவள் மூட்டினாள். மறுநாள் பூசணிக்காய் வெட்டியபோது நான் வழித்து எறியப்போன உள்ளீட்டை என் கையிலிருந்து வாங்கி, நாரைப் பிரித்து விதைகளை எடுத்தாள். அதற்கடுத்த நாள் தர்ப்பூசணி, எங்கள் வத்தகப்பழம். அவள் துப்பிய கறுத்த விதைகள் மட்டுமல்ல, நான் துப்பியவையும் கழுவப்பட்டன.

"என்ரை எச்சிலடி."

"உங்கடை எச்சில்தானே? ஆற்றையோ எச்சிலே?"

நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் கணக்குப் பகுதியில் வேலை செய்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியாக இருந்த இரண்டு அறை வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் இருந்தது. யன்னல் விளிம்பு எதற்கும் உரிய இடமல்ல. ஆகவே வெறும் ஜாம் போத்தல்களைத் தேடியெடுத்து, கொதிநீரில் கழுவி, 'பலா', 'பூசணி', 'வத்தகை' என்று காகிதம் ஒட்டி வரிசையாக வைத்தேன். தங்கை அதைப் பார்த்துச் சிரித்தாள். ஊரில் போரும் பொருளாதாரத் தடையுமான காலம் முழுவதும் இவற்றை மாவாக்கிக் கோதுமை மாவுடன் கலந்து புட்டு அவித்ததாகவும், அப்போது ஒரு விதைக்கும் யாரும் பெயர் எழுதி ஒட்டவில்லை என்றும் சொன்னாள்.

அவள் என்னைவிட மிகவும் இளையவள். வயிற்றில் முதற் பிள்ளை. அங்கே ஆசுபத்திரியில் மருந்தும் இல்லை, பிரசவம் பார்க்கும் வைத்தியரும் நிரந்தரமாக இல்லை என்பதால் கணவர் அவளை என்னிடம் அனுப்பியிருந்தார். ஆசிரியரான அவருக்குக் கப்பலில் வர அனுமதி கிடைக்கவில்லை. பிறகு வருவேன் என்று எழுதியிருந்தார்.

முதல் கிளினிக்கில் வைத்தியர் அம்மா அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் என் பக்கம் திரும்பி, "லே அடுய்" என்றார். இரத்தம் குறைவு என்பதுதான் தங்கை கற்ற முதல் சிங்கள வசனம். இரும்புச்சத்து மாத்திரைகள் தரப்பட்டன. வைத்தியர் நிதானமாக எனக்கு விளங்கப்படுத்தினார்: இரத்தம் ஏறவில்லையென்றால் பிரசவம் வரை வார்டில் சேர்த்து வைத்திருக்க வேண்டிவரும். இந்த நிலையில் வீட்டில் விட்டுவைக்க முடியாது.

அதை நான் தங்கைக்குத் தமிழில் சொன்னேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"வார்டிலை நீங்கள் நிக்கலாமோ?"

"பாக்கிற நேரத்துக்கு மட்டுந்தான் விடுவினம்."

"அப்ப ராவிலை எனக்கு வலிச்சா, எங்கை வலிக்குது எண்டு நான் ஆருக்கு என்னெண்டு சொல்லுறது?"

"நேர்ஸ் மிஸ்ஸிமாருக்குக் கொஞ்சம் விளங்கும்."

"கொஞ்சம் விளங்கினாக் காணாது அக்கா."

அந்தக் காலத்தில் கொழும்பின் வீதியில் நடக்கும்போதே வாய் திறக்கப் பயந்தவள் அவள். கடையில் தமிழில் பேசலாமா என்று முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். மாதக்கணக்கில் பாஷை தெரியாத ஒரு கட்டிலில் கிடப்பதை அவளால் நினைக்க முடியவில்லை. எனக்கும் அது பிடிக்கவில்லை. அடுத்த கிளினிக்குக்குள் அவளுடைய இரத்தத்தை ஏற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஈரல் கொடுத்தேன். மணத்துக்கே சத்தி எடுத்தாள். இறைச்சி அடுப்பில் இருந்தால் வீட்டைவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விடுவாள். கீரை சாப்பிட்டாள். அது மட்டும் போதாது. நூலகத்தில் உணவுச் சத்துகளைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. அதிலிருந்த அட்டவணைகளை ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போனபோது, இறைச்சிக்கும் பருப்புக்கும் அருகே நான் எதிர்பாராதவை இருந்தன. பூசணி விதை, வத்தகை விதை. புரதம், நல்ல கொழுப்பு, மக்னீசியம், துத்தநாகம், இரும்பு. பலாக்கொட்டையில் அவ்வளவு இரும்பு இல்லாவிட்டாலும் மாச்சத்தும் புரதமும் இருந்தன. நாங்கள் தின்னும் சிவந்த சதை பெரும்பாலும் தண்ணீரும் இனிப்பும்தான். சத்தில் பெரும்பங்கு துப்பப்பட்ட இடத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து இதைப் பெரிய செய்தியாகச் சொன்னேன்.

"புத்தகம் இப்பதான் கண்டுபிடிச்சதாமோ?" என்றாள் தங்கை.

நாங்கள் இருவர் தின்னும் பழத்தில் கிடைக்கும் விதைகள் போதாது. காலி வீதியில் சந்தியருகே ஒரு பழரசக் கடை இருந்தது. வத்தகப்பழத்தைப் பிழிந்து வடிகட்டியபின் விதைகளை வாளியில் கொட்டுவார்கள். கந்தோர் சேலையுடன், கைப்பையுடன் போய் நின்று, அந்த விதைகளைத் தரமுடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் முஸ்லிம். என் முகத்தைப் பல வருடங்களாகத் தெரிந்தவர்.

"ஜூஸ் வேணாமா மிஸ்? கொட்ட மட்டுமா?"

"கொட்டை மட்டும் போதும்."

"குப்பக்கிப் போற சாமான். கோழி வளக்கிறீங்களா?"

"இல்லை. வீட்டிலை ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறா."

அவர் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் செய்தார். நான் போகும் போதெல்லாம் உள்ளே இருப்பவரைப் பார்த்து, "கோழி மிஸ் வந்திருக்கா, வாளியக் கொண்டு வா" என்று சத்தம் போடுவார். ஆனால் விதைகளை ஏற்கெனவே ஒருமுறை அலசி, சுத்தமான பையில் கட்டி வைத்திருப்பார்.

விதைகளை உப்புநீரில் ஊறவைத்து, மொட்டைமாடியில் காயவைத்து, வெறுஞ்சட்டியில் வறுத்தோம். வத்தகை விதையைப் பல்லால் உடைத்து உள்ளிருக்கும் பருப்பைத் தின்ன வேண்டும். பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை உரித்து, தவிட்டு நிறத்தில் இருக்கும் மெல்லிய தோலை அப்படியே விட்டு, அவித்துப் பிறகு உப்பும் மிளகும் போட்டுப் பிரட்டுவோம். பலாக்கொட்டை வாயுவைக் கிளப்பும். அதனால் அளவாகத்தான் கொடுத்தேன். "உங்களுக்குப் பயம் வாயுவுக்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கோ?" என்று தங்கை கேட்டாள்.

எல்லாக் கொட்டையும் உணவல்ல என்பதையும் அந்தப் புத்தகத்தில்தான் படித்தேன். அப்பிள் விதை தின்னக்கூடாது. பப்பாசி விதையைக் காயவைத்து மிளகுபோல் பாவிப்பவர்கள் உண்டாம். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்குள் பப்பாசியை யார் கொண்டுவருவார்? மாங்கொட்டைக்குள் இருக்கும் பருப்பு மட்டும் என் ஆர்வத்தைக் கிளறியது. இடித்து, பல தடவை தண்ணீரில் ஊறவைத்துக் கயர்ப்பை நீக்கி, கஞ்சி காய்ச்சினேன். தங்கை ஒரு கரண்டி வாயில் வைத்தாள்.

"அக்கா, அந்தக் கப்பல் ஆடின ஆட்டத்திலைகூட எனக்குச் சத்தி வரேல்லை."

அத்துடன் மாங்கொட்டைப் பரிசோதனை முடிந்தது. அதற்கென்று பெயர் ஒட்டி வைத்திருந்த போத்தலில் சீனி போட்டேன்.

நான் கந்தோரால் வந்ததும் நாங்கள் இருவரும் யன்னலருகே இருந்து விதை உடைப்பதுதான் அந்த நாட்களின் மிக நல்ல நேரம். கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போகும். வேலை முடிந்து போகிறவர்கள் கதவில் தொங்குவார்கள். நடுவில் ஒரு தட்டு விதை, இரண்டு கோப்பை வெறுந்தேநீர். தங்கைக்குத் தேநீர் என்றால் உயிர். ஊரில் சீனி கண்ணில் படாத காலத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தவள். இங்கே நல்ல சாயமுள்ள தேயிலை, வேண்டிய அளவு சீனி. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, விதையுடன் ஒன்று. இரும்பு மாத்திரையின் மணம் தொண்டையில் நிற்கிறது என்று அதையும் தேநீருடன்தான் விழுங்குவாள். சாப்பிட ஒத்துக்கொள்கிறாளே என்று நானே ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு நான் நம்பிக்கையுடன் போனேன். முடிவைப் பார்த்த வைத்தியர் அம்மா உதட்டைப் பிதுக்கினார். இரத்தம் ஏறவில்லை. முன்பைவிடச் சற்று இறங்கியும் இருந்தது. மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்டார். ஒரு நாளும் தவறவில்லை என்றேன். அது உண்மை. அப்படியானால் அடுத்தமுறை உடுப்புப் பையுடன் வாருங்கள், அன்றும் இப்படியே இருந்தால் அங்கிருந்தே வார்டுக்கு அனுப்புவேன் என்றார்.

அன்று மாலை தங்கை விதை உடைக்கவில்லை. இரவில் உடுக்க இரண்டு சோட்டி, ஒரு துவாய், சீப்பு, கணவரின் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் மடித்து வைத்தாள். "இப்பவே ஏன் அடுக்கிறாய்?" என்றேன். "எப்பிடியும் போகத்தானே வேணும்" என்றாள். அந்தப் பை கதவுக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு நாளும் அது என் கண்ணில் பட்டது.

அதற்குள் காஸ் தட்டுப்பாடு வந்தது. வெறும் சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுபோனால் மாற்றித் தர நிறை சிலிண்டர் இல்லை. எங்கள் சிலிண்டரில் கொஞ்சம்தான் மிச்சம். கணக்குப் பார்த்து, நாளுக்கு ஒரேயொரு முறை, காலையில் மட்டும் அடுப்பு மூட்டுவதென்று வைத்துக்கொண்டேன். சோறு, ஒரு கறி, பிறகு சூடு ஆறுவதற்குள் அதே சட்டியில் விதைகள். தங்கை எழும்புவதற்கு முன்பே ஃபிளாஸ்க் நிறையத் தேநீர் ஊற்றி வைத்தேன். தங்கை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உதிலை ஃபிளாஸ்க் நாத்தம். எனக்கு வேண்டாம்."

"தேத்தண்ணி தேத்தண்ணிதானே?"

"குடிச்சுப் பாருங்கோ. தக்கையை அவிச்ச மாதிரிக் கிடக்கு."

அவள் பிடிவாதக்காரி. கேத்தலிலிருந்து நேரே வராத தேநீர் வேண்டவே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். விதையுடன் குடிக்க ஏதாவது வேண்டுமே என்று, எங்கள் பேச்சில் தேசிக்காய் எனும் எலுமிச்சையைப் பிழிந்து, சிறிது உப்பும் சீனியும் போட்டுக் கரைத்துக் கொடுத்தேன். அது அவளுக்குப் பிடித்துக்கொண்டது. மாத்திரையின் மணத்தைத் தேசிக்காய் இன்னும் நன்றாக அடக்குகிறது என்றாள்.

கந்தோரிலும் தேநீர்க் கேத்தல் ஓய்ந்திருந்ததால், நானும் ஒரு சிறு தகர டப்பாவில் வறுத்த வத்தகை விதை கொண்டு போனேன். வழியில் சோதனைச் சாவடியில் பெண்களை ஒருபக்கமாக வரிசையில் விடுவார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி என் கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே கலகலவென்று சத்தம். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவள் முகம் மாறியது.

"மேக்க மொகத?"

இது என்ன என்று கேட்டாள். "கொமடு எட்ட" என்றேன், வத்தகை விதை. யாராவது வத்தகை விதையை இறுக மூடிய டப்பாவில் கொண்டு திரிவார்களா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் தண்ணீர்ப் போத்தலென்றால் குடித்துக் காட்டச் சொல்வார்கள். என்னைச் சாப்பிட்டுக் காட்டச் சொன்னாள். வரிசையிலிருந்த எல்லோரும் பார்க்க, நான் ஒரு விதையைப் பல்லில் வைத்து உடைத்து, பருப்பைத் தின்று, கோதைக் கைக்குட்டையில் துப்பினேன். அவள் சற்று யோசித்துவிட்டு ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டாள். மென்றாள்.

"லுணு மதி" என்று டப்பாவை மூடித் தந்தாள்.

உப்புப் போதாது என்று அர்த்தம். வீட்டில் இதைச் சொன்னபோது தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பை அடுக்கிய நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். "அவவுக்கும் லே அடுய் போலை" என்றாள். அடுத்த வறுவலில் உப்பைக் கூட்டினாள்.

கிளினிக் நாள் வந்தது. பையையும் தூக்கிக்கொண்டு போனோம். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது அவள் என் கையை விடவில்லை. பரிசோதனைத் துண்டு வந்தது. வைத்தியர் அம்மா அதைப் பார்த்தார், பழைய துண்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார், பிறகு என் தங்கையின் இமையை மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"லே ஹொந்தாய்."

தங்கைக்கு அந்த வசனம் தெரியாது. ஆனால் குரல் விளங்கியது. என்னைப் பார்த்தாள். "ஏறியிருக்காம்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொட்டையைச் சொல்லுங்கோ, கொட்டையைச் சொல்லுங்கோ" என்று என்னை இடித்தாள்.

சொன்னேன். பூசணி, வத்தகை, பலா, ஊறவைப்பது, வறுப்பது எல்லாவற்றையும் சிங்களத்தில் வரிசையாக ஒப்புவித்தேன். வைத்தியர் அம்மா பொறுமையாகக் கேட்டார். நல்ல உணவு, விடவேண்டாம் என்றார். ஆனால் போனமுறையும் இதையெல்லாம் சாப்பிட்டாளா என்று கேட்டார். சாப்பிட்டாள். அப்படியானால் இம்முறை எது வேறு? யோசித்துப் பார்த்தால் ஒன்றும் வேறில்லை, காஸ் இல்லாததால் தேநீர் நின்றுபோனதைத் தவிர என்றேன். மாத்திரையை இப்போது தேசிக்காய்த் தண்ணியுடன் போடுகிறாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். முன்பு எதனுடன் போட்டாள் என்று கேட்டார். தேநீருடன் என்றேன். தேநீரின் சாயம் வயிற்றுக்குள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது, தேசிக்காய்ப் புளி அதைச் சேரவைக்கும் என்று விளக்கினார். உணவுடனும் மாத்திரையுடனும் தேநீர் வேண்டாம், குடிப்பதானால் நன்றாக இடைவெளி விட்டுக் குடிக்கட்டும் என்றார். வாளி வாளியாக விதை சுமந்த நானே அதைக் கோப்பை கோப்பையாகக் கழுவியும் விட்டிருக்கிறேன்.

பையை அவிழ்க்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. கணக்குப் பகுதிக்காரி அல்லவா? மாத்திரையின் பங்கு பெரியது, அதில் சந்தேகமில்லை. விதை எவ்வளவு, தேசிக்காய் எவ்வளவு, குடிக்காத தேநீர் எவ்வளவு என்று பிரிக்க வழி இல்லை. மறுபடி அந்தப் புத்தகத்தை எடுத்து, முன்பு படிக்காமல் விட்ட பக்கங்களைப் படித்தேன். விதைகளுக்குள்ளேயே இரும்பை இறுக்கிப் பிடித்து வைக்கும் பொருள் ஒன்று இருக்கிறதாம். ஊறவைத்து வறுத்தால் அது ஓரளவு குறையுமாம். தங்கையிடம் சொன்னேன்.

"அப்ப கொட்டையும் தேத்தண்ணியும் ஒரு கட்சி. தேசிக்காய்தான் எங்கடை ஆள்."

காஸ் வந்தது. முதல் நாள் கேத்தல் கொதித்தபோது தங்கை அடுப்படியில் வந்து நின்று ஆவியை முகர்ந்தாள். இடைவெளி விட்டு ஒரு கோப்பை குடிக்கலாமே, வைத்தியர் சொன்னார்தானே என்றேன்.

"ஒண்டு குடிச்சா நான் ஒண்டோடை நிப்பன் எண்டே நினைக்கிறியள்? பிள்ளை பிறக்கட்டும்."

கடைசிவரை அவள் குடிக்கவில்லை. அவளுக்கு எதிரில் இருந்து குடிக்க எனக்கும் மனம் வரவில்லை. இருவரும் தேசிக்காய்த் தண்ணிதான். பழரசக் கடைக்காரர் விதையுடன் நாலு தேசிக்காயும் போட்டுத் தரத் தொடங்கினார்.

வலி வந்தது ஒரு பகல் நேரத்தில். நான் கந்தோருக்குப் போகாத நாள். கதவுக்குப் பின்னாலிருந்த பையை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் போனோம். அன்றே பெண் பிள்ளை பிறந்தது. இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. மறுநாள் பார்வையாளர் நேரத்துக்கு நான் வார்டுக்குள் நுழைந்தபோது, பக்கத்துக் கட்டில் பெண் என் தங்கை கொடுத்த பலாக்கொட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். தங்கை தனக்குத் தெரிந்த இரண்டு சிங்கள வசனங்களில் ஒன்றைச் சொல்லி அவளுடைய இரத்தத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு விளங்கியது.

பிள்ளையைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தது. நகங்கள் நல்ல சிவப்பு.

"ஃபிளாஸ்க்குக்குள்ளை என்ன?" என்றாள் தங்கை.

"தேத்தண்ணி."

"ஊத்துங்கோ."

"மாத்திரை எப்ப போட்டனீ?"

"காலமை. தேசிக்காய்த் தண்ணியோடை. சாப்பிட்டும் கனநேரம். ஊத்துங்கோ அக்கா!"

மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, அடிவரை குடித்தாள்.

"ஃபிளாஸ்க் நாத்தம் இல்லையோ?" என்று கேட்டேன்.

"நாறுதுதான்" என்றாள். "இன்னொண்டு ஊத்துங்கோ."